புகைப் பரலுக்கு றெக்ஸ்-சி100: வாங்கலாம், முழு செற்றாக வேண்டாம்

றெக்ஸ்-சி100 என்ற பெயரில் இணையக் கடைகளில் வரும் இந்தச் சின்னக் கறுப்பு வெப்பக் கொன்ரோலர் பெட்டி இறைச்சி வாட்டுவதற்கென்று செய்யப்பட்டதல்ல. சூளை, பேக்கரிப் போறணை, பிளாஸ்ரிக் உருக்கும் இயந்திரம் என்று தொழிற்சாலைப் பக்கத்துச் சாமான் இது. மூல வடிவம் ஜப்பானின் ஆர்கேசி நிறுவனத்தினுடையது; மலிவு விலையில் கைக்கு வருவது பெரும்பாலும் அதன் நகல். அப்படியிருந்தும் 210 லீற்றர் எண்ணெய்ப் பரலை வெட்டிப் புகையடுப்பாக்கி வைத்திருப்பவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான கொன்ரோலர் இந்த விலையில் இல்லை. ஒழுங்காகப் பூட்டினால் 110 பாகையில் ஆறேழு மணித்தியாலம், ஐந்து பாகை கூடிக் குறைந்து நிற்கும்.

இதைவிட மலிவானவையும் உண்டு. குளிர்பெட்டிக்காரர் பாவிக்கும் எஸ்டிசி-1000 வெறும் 99 பாகைவரைதான் காட்டும். டபிள்யூ1209 என்ற திறந்த பலகை 110 பாகையோடு நின்றுவிடும். மாட்டு நெஞ்சிறைச்சிக்கு 110, கோழிக்கு 130 தேவைப்படும் இடத்தில் இவை இரண்டும் காசுக்கு நட்டம். கே வகை தெர்மோகப்பிள் (இரண்டு உலோக வயர்கள் சேரும் நுனியால் வெப்பத்தை உணரும் கம்பி) ஏற்கிற கொன்ரோலர்தான் வேண்டும்.

பிழை தொடங்குவது ‘முழு செற்’ என்று விற்கப்படும் பொதியில். கொன்ரோலர், எஸ்எஸ்ஆர்-40டிஏ என்ற வெள்ளைக் கட்டை (அசையும் பாகமில்லாத எலெக்ரோனிக் சுவிச்), அதற்கான அலுமினியத் தகடு, ஒரு மீற்றர் வயரோடு தெர்மோகப்பிள் ஆகியவை அதில் இருக்கும். அந்த வெள்ளைக் கட்டை 230 வோல்ற் ஹீற்றரை ஓட்டுவதற்கானது. கரி அடுப்புக்கு நாங்கள் ஓட்டுவது கரிக்குக் காற்று ஊதும் 12 வோல்ற் டிசி புளோவர். ஏசி கரண்ட் செக்கனுக்கு நூறு தரம் சுழியத்தைத் தொடும்; அந்தக் கட்டை அணைவது அப்படித் தொடும் கணத்தில்தான். டிசி சுழியத்தைத் தொடாது. ஆகவே புளோவர் ஒருமுறை ஓடத் தொடங்கினால் கொன்ரோலர் நிறுத்தச் சொன்னாலும் நிற்காது, பரல் 200 பாகையைத் தாண்டும். ‘கொன்ரோலர் பழுது’ என்று திருப்பி அனுப்பப்படுபவற்றில் பல இந்தக் கதைதான்.

கொன்ரோலரைத் தனியாக, ரிலே (உள்ளேயே தொட்டு விலகும் சுவிச்) வகையாகக் கேட்டு வாங்குங்கள். பக்கத்து ஒட்டியில் மாதிரி இலக்கத்தின் பின்பாதியில் ‘எம்’ இருந்தால் ரிலே, ‘வி’ இருந்தால் எஸ்எஸ்ஆருக்கானது. நகல்களில் ஒட்டி ஒன்று, உள்ளே வேறொன்று என்பதும் நடக்கும், மல்ரிமீற்றர்தான் சாட்சி. முகப்பில் ‘அவுட்’ விளக்கு எரியும்போது 4, 5 ஆம் முனைகளுக்கிடையில் தொடர்ச்சி காட்டினால் ரிலே. கிட்டத்தட்ட 12 வோல்ற் டிசி காட்டினால் எஸ்எஸ்ஆர் வகை. அப்படி வந்துவிட்டால் எறிய வேண்டாம், டிடி என்று முடியும் டிசி எஸ்எஸ்ஆர் ஒன்று சேர்த்தால் சரி.

மிச்சச் சாமான்: 5015 அளவு 12 வோல்ற் புளோவர், 1 அம்பியர் அடப்ரர், 1என்4007 டயோட் ஒன்று, 20 சென்ரிமீற்றர் இரும்புக் குழாய். அடப்ரரின் நேர் வயர் 4 இற்குப் போய், 5 இலிருந்து புளோவரின் சிவப்புக்கு வரவேண்டும். கறுப்பு நேரே அடப்ரருக்கு. டயோட்டைப் புளோவரின் சிவப்புக்கும் கறுப்புக்கும் குறுக்கே போட்டு, அதன் வெள்ளைக் கோடு சிவப்புப் பக்கம் இருக்கட்டும், மாறினால் அடப்ரர் போய்விடும். 1, 2 இற்கு 230 வோல்ற்.

கொன்ரோலரின் பின்புற முனைகள் மூடியில்லாமல் நிற்கின்றன. இந்தப் பொருளின் மிகப் பெரிய குறை இதுதான். பரல் நிற்பது வளவில். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஈர நிலத்தில் வெறுங்காலோடு நின்று தொடுகிற சாமான் அது. மூடியுள்ள பிளாஸ்ரிக் பெட்டியில் 45 மில்லிமீற்றர் சதுர ஓட்டை வெட்டி உள்ளே பூட்டுங்கள். வயர்கள் அடிப்பக்கத்தால் நுழையட்டும். ட்ரிப் சுவிச் இல்லாத இணைப்பில் போடவே வேண்டாம். கரண்ட் போனால் புளோவர் நின்று பரல் மெல்ல ஆறும், தீப்பிடிக்காது. கரண்ட் வந்ததும் வைத்த அளவுகள் அப்படியே இருக்கும்.

குழாய்க்கு ஜிஐ துண்டு கையில் கிடைக்கும் என்று எடுத்துவிடாதீர்கள். கரிக்குப் பக்கத்தில் நாகப் பூச்சு சூடேறிப் புகை விடும், அது நஞ்சு. கறுப்பு இரும்புதான் வேண்டும். பரலும் அப்படியே: பூச்சிமருந்து வந்த பரல் எவ்வளவு எரித்தாலும் வேண்டாம். புளோவரைப் பரலில் நேரே பூட்டினால் பிளாஸ்ரிக் உருகும், 20 சென்ரிமீற்றர் அதற்காகத்தான். குழாயின் உள்வாய் கரித்தட்டுக்குக் கீழே போகட்டும். கரியை நேரே பார்த்து ஊதினால் சாம்பல் முழுக்க இறைச்சியில். புளோவர் நிற்கும் நேரம் புகை பின்னால் ஏறி இறக்கையில் கீல்போல ஒட்டும். சோடாத் தகரத்தை வெட்டி, காற்று வந்தால் திறந்து நின்றால் விழுகிற ஒரு மடல் குழாய்க்குள் தொங்கவிட்டால் அந்தப் பிரச்சினை தீர்ந்தது.

இந்தப் பெட்டி வெக்கையைக் கூட்டத்தான் தெரிந்தது, குறைக்கத் தெரியாது. கரி ஒருக்கால் பிடித்துவிட்டால் அதை அணைப்பது காற்றில்லாமைதான். மூடி இடுக்கால், பழைய அடித்துளைகளால் காற்று உள்ளே போனால் கொன்ரோலர் சும்மா இலக்கம் காட்டிக்கொண்டிருக்கும். சோளகக் காற்று அடிக்கும் மாதங்களில் வன்னி வெளியில் இது இன்னும் மோசம்: புளோவர் ஓடாமலே பரல் 160 காட்டும். அடித்துளைகளை ஒட்டி அடையுங்கள், மூடி விளிம்புக்குப் போறணைக் கதவுக் கயிறு வையுங்கள், மேல் புகைவாயைக் கால்பங்கு மட்டும் திறந்து, புளோவர் வாயைக் காற்றுக்கு எதிர்ப்புறம் திருப்புங்கள். இதைச் செய்யாமல் அமைப்புகளைத் திருகி மினக்கெடுவதில் பலனில்லை.

அமைப்புகள். ‘செற்’ பொத்தானை நாலு செக்கனுக்கு மேல் அழுத்திப் பிடித்தால் உள்ளே போகலாம். தானாகவே அளந்து பழகும் ஏரியு என்ற வசதியைப் பலரும் முதலில் ஓட்டுவார்கள். ஹீற்றருக்கு அது அருமை. கரிக்குச் சரிவராது, ஏனென்றால் ஏறும் வேகமும் இறங்கும் வேகமும் ஒன்றல்ல. வெக்கை வித்தியாசத்துக்கு எவ்வளவு, எவ்வளவு அவசரமாக ஊதுவது என்று தீர்மானிக்கும் பி, ஐ, டி இலக்கங்களைக் கையால் வையுங்கள்: பி 15, ஐ 900, டி 0, சுற்று நேரம் 20 செக்கன். பெட்டியோடு வருவது பி 30, ஐ 240, டி 60. அந்த ஐ கரிக்கு மிக அவசரம், 20, 30 பாகை மேலே போய் வரும். மூடியைத் திறக்கும்போதெல்லாம் புளோவர் வயரில் ஒரு சின்ன சுவிச்சால் நிறுத்துங்கள். இல்லாவிட்டால் வெக்கை விழுந்ததைப் பார்த்து அது முழு வேகத்தில் ஊதும், மூடியபின் அரை மணித்தியாலம் மிஞ்சி நிற்கும்.

தெர்மோகப்பிள் முழு செற்றில் வருவதைப் போன்றதே போதும், ஆனால் வயரைச் சாதாரணச் செம்பு வயரால் நீட்டக்கூடாது. அந்த இணைப்பு வெயிலில் சூடாகும் அளவுக்கு அளவும் பிழைக்கும். வயர்கள் மாறினால் சூடேற இலக்கம் இறங்கும். நிறத்தில் சந்தேகமென்றால் காந்தம் வையுங்கள், ஒட்டுவதுதான் எதிர்முனை. கொதிதண்ணீரில் நுனியை மட்டும் விட்டால், கடல் மட்டத்தை ஒட்டிய எங்கள் நிலத்தில் 99, 100 காட்டவேண்டும். வித்தியாசத்தை எஸ்சி என்ற இடத்தில் திருத்தலாம். பரலில் தட்டின் உயரத்திலேயே, இறைச்சியிலிருந்து ஐந்து சென்ரிமீற்றர் தள்ளி, தகரத்தில் முட்டாமல் தொங்கட்டும். இறைச்சியை ஒட்டி வைத்தால் குளிர்ந்த காற்றை அளந்துவிட்டு மேலும் ஊதச் சொல்லும்.

கரி விஷயத்தில் சிரட்டைக்கரி வேகமாக எரிந்து பொறி பறக்கும், கொன்ரோலரோடு ஒத்துவராது. பட்டுப்போன பாலைக் கொப்பின் கரி நின்று எரியும். மூன்று, நாலு கிலோ எரியாத கரியை நிரப்பி, மேலே பத்துப் பன்னிரண்டு தணல் மட்டும் வையுங்கள். எல்லாவற்றையும் பற்றவைத்த பரலை எந்தப் பெட்டியாலும் இறக்க முடியாது. புகைக்குக் கொய்யா அல்லது புளிக் கட்டை இரண்டு போதும். வேம்பு கசக்கும்.

கொன்ரோலர் பார்ப்பது பரலின் காற்றை மட்டும். கோழி தொடையெலும்பருகே 74 பாகை வந்ததா, முல்லைத்தீவுப் பாரையின் நடுச்சதையில் 63 வந்து அரை மணித்தியாலம் நின்றதா என்று பார்க்க இன்னொரு குத்து வெப்பமானி தனியாக வேண்டும்.