முதல் நீண்ட நீச்சல்: ஏரியா, ஆறா, கடலா?

நீச்சல்குளத்தில் 3 கிலோமீட்டர் நிற்காமல் நீந்த வந்துவிட்டால் அடுத்த கேள்வி, வெளியே எங்கே இறங்குவது என்பதுதான். ஒலிம்பிக்கின் 10 கிலோமீட்டர் போட்டி மூன்று வகை நீரிலும் நடந்திருக்கிறது. 2012இல் லண்டன் ஹைட் பார்க்கின் செர்பென்டைன் ஏரி, 2016இல் ரியோவின் கோபகபானா கடற்கரை, 2024இல் பாரிஸின் சேன் நதி. தூரம் ஒன்றுதான், விளையாட்டு ஒன்றல்ல. புதிதாகத் தொடங்குபவருக்கு நான் ஏரியைத்தான் சொல்வேன். ஆனால் அங்கேயே ஊறிக் கிடக்கக் கூடாது.

ஏரியின் பெரிய நல்லது, அது தூரத்தில் பொய் சொல்லாது. 25 மீட்டர் குளத்தில் 3 கிலோமீட்டர் போவதற்குள் 119 முறை சுவரை உதைத்துத் திரும்புகிறோம். ஒவ்வொரு உதையும் தோளுக்குக் கிடைக்கும் ஒரு குட்டி ஓய்வு. ஏரியில் அது ஒன்றுகூடக் கிடையாது. அதே 3 கிலோமீட்டர் ஏன் இப்படி வலிக்கிறது என்று முதல் நாள் குழம்புவதற்குக் காரணம் இதுதான்.

நேராகப் போவதையும் ஏரியில்தான் நிதானமாகப் பழக முடியும். அடியில் கோடு இல்லாததால் எட்டுப் பத்துக் கைவீச்சுக்கு ஒருமுறை முன்னால் பார்த்தாக வேண்டும். முழுத் தலையையும் தூக்கினால் கால் மூழ்கும், வேகம் போகும். கண் மட்டும் நீருக்கு மேல் வந்தால் போதும். அப்புறம் வழக்கம்போல் பக்கவாட்டில் மூச்சு. மிதவையைக் குறி வைப்பதைவிட அதற்குப் பின்னால் கரையில் நிற்கும் பெரிய மரத்தையோ கோபுரத்தையோ குறி வைப்பது மேல். சின்ன அலை எழுந்தாலே மிதவை மறைந்துவிடும்.

ஏரிதானே என்று அலட்சியம் வேண்டாம். காற்று கிளம்பினால் குட்டையான, நெருக்கமான அலைகள் வாயில் அறையும். மேலே வெதுவெதுப்பாக இருக்கும் நீருக்குக் கீழே குளிர்ந்த அடுக்கு காத்திருக்கும். வெயில் காலத்தில் பச்சை பெயின்ட் கொட்டியதுபோல் பாசி படர்ந்திருந்தால் இறங்கவே கூடாது. சிலவகைப் பாசி நஞ்சு. 1954இல் கனடா நீச்சல் வீராங்கனை மெரிலின் பெல் தன் 16 வயதில் ஒன்டாரியோ ஏரியைக் கடந்தபோது ஏறத்தாழ 21 மணி நேரம் நீரில் இருந்தார். அதுவும் ஏரிதான்.

ஆற்றைப் பற்றி எனக்குக் கொஞ்சம் சந்தேகப் புத்தி உண்டு. மணிக்கு 3 கிலோமீட்டர் நீந்துபவர், 2 கிலோமீட்டர் வேக நீரோட்டத்தோடு போனால் கணக்கில் 5 வரும். எதிர்த்துப் போனால் 1தான். நியூயார்க்கின் மன்ஹாட்டன் தீவை ஆறுகள் வழியே சுற்றும் நீச்சல் சுமார் 46 கிலோமீட்டர், ஆங்கிலக் கால்வாய் நேர்கோட்டில் 33 சொச்சம். ஆனாலும் மன்ஹாட்டனைச் சீக்கிரம் முடித்துவிடுகிறார்கள், ஓட்டம் தள்ளிவிடும் நேரம் பார்த்து இறங்குவதால். ஆற்றில் நீந்திய தூரத்தை நம்பி அடுத்த இலக்கை வைத்தால் மாட்டிக்கொள்வோம்.

மற்றபடி ஆற்றுக்கு விதிகள் சிலதான். முதலில் எதிர்த்து நீந்துங்கள், களைத்த பிறகு ஓட்டத்தோடு திரும்பலாம். கரையோரம் ஓட்டம் குறைவு. சேனில் எதிர்த்துப் போகும்போது ஒலிம்பிக் வீரர்களும் கரையை ஒட்டித்தான் போனார்கள். தடுப்பணை, விழுந்து கிடக்கும் மரம் இரண்டும் உயிரைக் குடிக்கும், விலகியே இருங்கள். மழைக்குப் பிறகு சில நாள் வேண்டாம். அதே பாரிஸில் மழையால் தண்ணீர் கெட்டு, ஆண்கள் டிரையத்லான் (நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றும் சேர்ந்த போட்டி) ஒரு நாள் தள்ளிப்போனது.

கடலில் உப்பு நம்மைத் தூக்கிவிடும், அதனால் கால் மூழ்கும் தொல்லை குறைவு. அந்த உப்பே மூன்று மணி நேரத்தில் நாக்கைத் தடிக்க வைக்கும், கழுத்திலும் அக்குளிலும் உரசிய இடத்தைப் புண்ணாக்கும். வாசலின் தடவாமல் இறங்காதீர்கள். இரண்டு பக்கமும் மூச்செடுக்கப் பழகியிருக்க வேண்டும். ஒரே பக்கம் பழகியவர் அலை அந்தப் பக்கத்திலிருந்து வந்தால் அன்று முழுக்க உப்புநீர்தான் குடிப்பார். ஓதம், அதாவது கடல் ஏற்ற இறக்கத்தின் ஓட்டம், ஏறத்தாழ ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை திசை மாறுவதால், ஆங்கிலக் கால்வாயைக் கடந்தவர்களின் தடம் நேராக இருக்காது, வளைந்து வளைந்து போகும். கரையிலிருந்து உள்ளே இழுக்கும் ஓட்டத்தில் சிக்கினால் எதிர்த்து மல்லுக்கட்டாமல் கரைக்கு இணையாக நீந்தி வெளியே வர வேண்டும்.

குளிர் தாங்கும் ரப்பர் உடையான வெட்சூட் விஷயம்? உலக நீச்சல் அமைப்பான வேர்ல்டு அக்வாட்டிக்ஸின் போட்டிகளில் 18 டிகிரிக்குக் கீழே அது கட்டாயம், 20 வரை விருப்பம். கால்வாய் மரபிலோ சாதா நீச்சலுடை, ஒரு தொப்பி, கண்ணாடி, அவ்வளவுதான். தொடக்கத்தில் போட்டுக்கொள்வதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் கால்வாய்க் கனவு இருந்தால் சீக்கிரம் கழற்றிவிடுங்கள். தனியாகக் கடக்க விண்ணப்பிப்பவர் 16 டிகிரிக்கு மேற்படாத நீரில் 6 மணி நேரம் நீந்திக் காட்ட வேண்டும்.

என் வரிசை இப்படி: ஏரியில் இரண்டு மணி நேரம் சலிப்பில்லாமல் நீந்த வரும்வரை அங்கேயே இருங்கள். துணைக்கு வரும் படகையோ கயாக்கையோ தொடாமல், மிதந்தபடி அரை மணிக்கு ஒருமுறை குடிப்பதையும் அங்கேயே பழகிக்கொள்ளுங்கள். அப்புறம் அந்தக் கடலை அறிந்த ஒருவரோடு, கரையை ஒட்டி, இடுப்பில் பளிச்சென்ற மிதவையுடன் கடலுக்குப் போங்கள். ஆறு நடுவில் வந்தால் வரட்டும், அதைத் தூரக்கணக்கில் சேர்க்க வேண்டாம். எங்கே நீந்தினாலும் குளிர்ந்த நீரிலிருந்து ஏறியதும் ஈரத்தைத் துடைத்து உடனே உடுத்துங்கள்; வெளியே வந்த பிறகும் சற்று நேரம் உடலின் உள்வெப்பம் இறங்கிக்கொண்டுதான் இருக்கும். ஆகவே நேராக வண்டியோட்டக் கிளம்ப வேண்டாம்.