கம்போ செய்ய வெறும் வார்ப்பிரும்பா, எனாமல் பூசினதா?

கம்போங்கிறது அமெரிக்காவுல லூசியானா மாநிலத்துக் கெட்டிக் குழம்பு. அதுக்கு உயிரே ரூ (roux)ங்கிற மாவுக் கலவை தான், மாவும் எண்ணெயும் சம அளவு போட்டு சாக்லேட் கலர் வர்ற வரைக்கும் முக்கால் மணி நேரம் கை எடுக்காம கிண்டணும், அதனால அடி கனமான பாத்திரம் இல்லாம இதுல இறங்காதீங்க.

ரூ: சூடு ரெண்டுலயும் சீரா நிக்கும். ஆனா எனாமலோட உள்பக்கம் வெள்ளையா இருந்தா கலர் மாறுறது பளிச்சுனு தெரியும், இரும்புல கரண்டியில அள்ளித்தான் பாக்கணும், கொஞ்சம் அசந்தா கருகி கரும்புள்ளி விழுந்துடும், அப்புறம் மொத்தத்தையும் கொட்டிட்டு புதுசா ஆரம்பிக்கணும், பாக்கவே மனசு கஷ்டமா இருக்கும்.

தக்காளி, வெண்டைக்காய்: நியூ ஆர்லியன்ஸ் நகரத்துப் பக்கத்து கிரியோல் ஸ்டைல்ல தக்காளி உண்டு. அந்தப் புளிப்பு, எண்ணெய் தடவி சூடேத்திப் பழக்கின இரும்போட எண்ணெய்ப் படலத்தை அரிச்சுடும், குழம்புல இரும்பு வாடை ஏறும், வெண்டைக்காயும் கறுத்துப் போகும். எனாமல்ல இந்தத் தொல்லை இல்ல.

விலை: இரும்பு மலிவு. நல்ல எனாமல் பல மடங்கு.

ஆயுள்: இரும்பு பேரப்பிள்ளைக்கும் வரும். எனாமல் கீழ விழுந்தா சில்லு தெறிக்கும்.

தக்காளி போடாத கேஜன் (லூசியானா கிராமத்து ஸ்டைல்) சிக்கன், சாசேஜ் கம்போ மட்டும்னா இரும்பே தாராளம். கம்போ மறுநாள்தான் ருசி, மிச்சத்த அதே பாத்திரத்தோட ஃபிரிட்ஜ்ல வைக்கிறவங்க யோசிக்காம எனாமல் வாங்குங்க, நாலு பேர் வீட்டுக்கு 6 லிட்டர் சைஸ் சரியா இருக்கும்.