1951 டாட்ஜ் கிங்ஸ்வே: சென்னையில் வைத்து ஓட்டிய அனுபவம்

பழைய அமெரிக்கன் கார் என்றதும் எல்லாரும் முதலில் கேட்பது, "ஸ்பேர்ஸ் கிடைக்குதா?" எஞ்சினுக்குக் கிடைக்கிறது. கண்ணாடிக்கும் குரோமுக்கும்தான் நாக்கு தள்ளுகிறது. அதனால் வாங்க நினைப்பவர்கள் பானட்டைத் திறப்பதற்கு முன்னால் கிரில்லையும் டெயில் லைட் மூடியையும் பாருங்கள். எஞ்சின் ஓடாவிட்டால் ஓட வைத்துவிடலாம்; ஒடிந்த கிரில்லுக்கு வழி இல்லை.

கிங்ஸ்வே பெயருக்குத்தான் டாட்ஜ். ஏற்றுமதிச் சந்தைக்காக பிளைமவுத் காருக்கு, இரண்டுக்கும் தாய் நிறுவனமான கிரைஸ்லர் சூட்டிய பெயர் அது. இங்கே பம்பாயில் பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் பாகங்களைச் சேர்த்துப் பூட்டி விற்றார்கள். 218 கன அங்குலம், அதாவது 3.6 லிட்டர், ஆறு சிலிண்டர் ஃபிளாட்ஹெட் (வால்வுகள் ஹெட்டில் இல்லாமல் பிளாக்கிலேயே இருக்கும்) எஞ்சின். இதே குடும்பத்து எஞ்சின் டாட்ஜ் லாரிகளில் 1960கள் வரை வந்தது. பழைய உதிரிபாகக் கடைகள் இருக்கும் புதுப்பேட்டையில் "டாட்ஜ் கார்" என்று கேட்டால் உதட்டைப் பிதுக்குவார்கள். ஆதித்தனார் சாலைப் பக்கம் ஒரு பெரியவர்தான் வழி சொன்னார்: "காருன்னு கேக்காதீங்க தம்பி, பழைய ஃபார்கோ பெட்ரோல் வண்டின்னு கேளுங்க." ஃபார்கோ என்பது கிரைஸ்லரின் இன்னொரு லாரிப் பெயர். கேட்டேன், கேஸ்கெட் செட்டே வந்தது. ஒன்று மட்டும் கவனம்: இந்த எஞ்சினில் 23 அங்குல நீள ஹெட், 25 அங்குல நீள ஹெட் என்று இரண்டு வகை உண்டு. டேப் வைத்து அளக்காமல் ஹெட் கேஸ்கெட்டுக்குக் காசு கொடுக்காதீர்கள்.

நம்ம ஊரில் வண்டி சூடானால் உடனே ரேடியேட்டரைக் கழற்றச் சொல்வார்கள். குற்றவாளி பெரும்பாலும் வேறு. எஞ்சின் பிளாக்குக்குள், வாட்டர் பம்புக்குப் பின்னாலிருந்து கடைசி சிலிண்டர் வரை ஒரு தகட்டுக் குழாய் ஓடுகிறது. வால்வ் சீட்டுகளுக்கு நேராக அதில் ஓட்டைகள். பின் சிலிண்டர்களுக்குக் குளிர்ந்த தண்ணீர் இதன் வழியாகத்தான் போகவேண்டும். வருடக்கணக்கில் உப்புப் போர் தண்ணியை ஊற்றினால் குழாய் அரித்துப்போய், தண்ணீர் முன்னாலேயே திரும்பிவிடும். பின்னால் எக்ஸாஸ்ட் வால்வ் கருகும். என் வண்டியில் ரேடியேட்டர், பம்ப் இரண்டையும் கழற்றி, கம்பியில் கொக்கி செய்து இழுத்தார் ராயப்பேட்டை மெக்கானிக். அப்பளம் மாதிரி நொறுங்கி, துண்டு துண்டாக வந்தது. அந்தத் துண்டுகளை வரிசையாகத் தரையில் அடுக்கி ஓட்டை இடைவெளியை அளந்து, பித்தளைத் தகட்டில் புதிதாக மடித்து ஈயம் வைத்தார்கள். இப்போது டிஸ்டில்ட் வாட்டரும் கூலன்டும் மட்டும்தான். கத்திரி வெயிலில் அண்ணா சாலை சிக்னலில் நின்றாலும் கொதிப்பதில்லை.

பிரேக்குக்கு முன் சக்கரம் ஒவ்வொன்றிலும், பிரேக் ஷூவைத் தள்ளுகிற வீல் சிலிண்டர் இரண்டு. அமெரிக்காவில் புதிதாகவே விற்கிறார்கள். ஆனால் கூரியர், சுங்கவரி எல்லாம் சேர்ந்தால் பொருளின் விலையே சின்னதாகத் தெரியும். கிண்டியில் லேத் பட்டறையில் பழையதற்கே பித்தளை ஸ்லீவ் போட்டு, அங்குல அளவு ரப்பர் கப் மாட்டியாயிற்று. ஒழுகவில்லை. வீல் பேரிங்கைப் பொறுத்தவரை, மேலே பொறித்த நம்பரைச் சொன்னால் பேரிங் கடையில் எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். பஞ்சர் கடையில் மட்டும் பக்கத்திலேயே நில்லுங்கள். இடது பக்கச் சக்கரங்களுக்கு இடது மரை, அதாவது கழற்றும் திசை தலைகீழ். பையன் வழக்கம்போலத் திருகி ஸ்டட்டை முறித்துவிடுவான். டயருக்குக் கவலையே இல்லை, பொலேரோவின் 215/75 ஆர்15 பொருந்துகிறது. பார்க்கிங்கில் ஸ்டியரிங் கனக்கும், அவ்வளவுதான்.

கரண்ட் 6 வோல்ட், பாசிட்டிவ் எர்த் (பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் பாடியோடு சேரும்). செல்ஃப் சோம்பலாகச் சுற்றினால் பலர் 12 வோல்ட்டுக்கு மாற்றிவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. பெரும்பாலும் யாரோ மெல்லிய கேபிள் போட்டிருப்பார்கள். தடித்த கேபிள் மாற்றி, எர்த்தைச் சுரண்டிச் சுத்தம் செய்தாலே போதும். புதுத் தலைவலி எத்தனால் கலந்த பெட்ரோல். ஃபியூவல் பம்பின் பழைய ரப்பர் டயாஃப்ரம் அதற்குத் தாங்காது, மாற்றியே ஆகவேண்டும். மைலேஜ்? கேட்காதீர்கள்.

2021 விதித்திருத்தத்தின்படி 50 வயதைத் தாண்டிய வண்டிகளுக்கு விண்டேஜ் பதிவு உண்டு. புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், 10 வருடம் செல்லும். ஏற்கெனவே பதிவான வண்டி பழைய நம்பரையே வைத்துக்கொள்ளலாம். ஆனால் கண்காட்சி, ராலி, பெட்ரோல் போடுவது, பராமரிப்பு போன்றவற்றுக்குத்தான் ரோட்டில் எடுக்கலாம். அதனால் நான் இன்னும் மாறவில்லை. ஞாயிறு காலை முட்டுக்காடு வரை ஓட்டிப்போய் டிபன் சாப்பிட்டு வருவது பராமரிப்பில் சேருமா என்று ஆர்டிஓவிடம் கேட்கத் தைரியம் வரவில்லை.