குட்டி விமானத்தில் போய்ப் பெரிய விமானத்தைப் பிடிக்கும் ஏற்பாடு: எப்போது நல்லது, எப்போது வம்பு

சிறிய நிலையத்தில் ஏறி, முக்கால் மணி நேரம் பறந்து, பெரிய நிலையத்தில் இறங்கி, அங்கிருந்து நெடுந்தூர விமானம் பிடிக்கும் சேவைக்கு மதிப்பெண் போடும்போது இருக்கையும் உபசரிப்பும் கடைசியில்தான் வரும். முதலில் பார்க்க வேண்டியது டிக்கெட். இரண்டு விமானமும் ஒரே பிஎன்ஆரில் (முன்பதிவு எண்ணில்) இருந்தால் நம்பி ஏறலாம். தனித்தனி டிக்கெட் என்றால், மிச்சம் பிடித்த காசு ஒரே தாமதத்தில் போய்விடும்.

ஒரே டிக்கெட்டாக விற்கும்போது, ஒன்றிலிருந்து இறங்கி அடுத்ததைப் பிடிக்க அந்த நிலையத்துக்கு வகுத்திருக்கும் குறைந்தபட்ச இணைப்பு நேரத்துக்குக் கீழே இரண்டு விமானங்களைக் கோக்க முன்பதிவு அமைப்பு விடாது. முதல் விமானம் தாமதமாகி அடுத்தது கிளம்பிவிட்டால் வேறொன்றில் இடம் போட்டுத் தருவது விமான நிறுவனத்தின் பொறுப்பு. தனி டிக்கெட்டில் அப்படி இல்லை. பெரிய விமானத்தின் பட்டியலில் நீங்கள் 'வராத பயணி'. குட்டி விமானம் ஏன் பிந்தியது என்று அவர்கள் கேட்கப் போவதில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தின் 261/2004 விதியும் இப்படித்தான் பிரித்துப் பார்க்கிறது. ஒரே முன்பதிவாக இருந்து, கடைசி ஊருக்கு 3 மணி நேரமோ அதற்கு மேலோ பிந்திச் சேர்ந்தால், தூரத்தைப் பொறுத்து 250 முதல் 600 யூரோ வரை இழப்பீடு கேட்கலாம். மோசமான வானிலை போல நிறுவனத்தின் கையை மீறிய காரணம் என்றால் கிடைக்காது.

குறைந்தபட்ச இணைப்பு நேரம் எல்லாம் சரியாக நடந்தால் போதுமான நேரம், அவ்வளவே. டிக்கெட்டில் 60 நிமிட இடைவெளி இருக்கிறது என்று வையுங்கள். குட்டி விமானம் 10 நிமிடம் பிந்துகிறது. ஏரோபிரிட்ஜ் (விமானக் கதவிலிருந்து நேராகக் கட்டடத்துக்குள் போகும் நடைபாலம்) கிடைப்பது அபூர்வம். தொலைவில் நிறுத்தி, படியில் இறக்கி, பேருந்தில் ஏற்றிக் கொண்டுபோய் விடுவதற்குள் இன்னொரு 15 நிமிடம். அடுத்த விமானத்தின் கேட் புறப்பாட்டுக்கு 15, 20 நிமிடம் முன்பே மூடிவிடும். கையில் மிஞ்சுவது கால் மணி நேரம். அதற்குள் மறுபடி பாதுகாப்புச் சோதனை, தேவைப்பட்டால் குடியேற்ற வரிசை, முனையம் மாற வேண்டியிருந்தால் அந்த ஓட்டம். ஒரே டிக்கெட், ஒரே முனையம், இரண்டுமே உள்நாட்டு விமானம் என்றால் ஒன்றரை மணி நேரம் வசதி. உள்நாட்டிலிருந்து வெளிநாட்டுக்கு மாறுவதற்கு இரண்டரை, மூன்று. தனி டிக்கெட்டோடு செக்-இன் பையும் இருந்தால் ஐந்து மணி நேரத்துக்குக் குறைத்து யோசிக்கவே வேண்டாம். முந்தின நாளே போய்ச் சேருவது இன்னும் உத்தமம்.

இந்தக் குட்டி விமானங்கள் ஏன் அடிக்கடி பிந்துகின்றன? ஒரே விமானம் காலையிலிருந்து இரவு வரை ஆறேழு முறை போய்ப் போய் வரும். ஒவ்வொரு இறக்கத்துக்கும் நடுவில் 25, 30 நிமிடம்தான் ஒதுக்கியிருப்பார்கள். காலையில் இருபது நிமிடம் சறுக்கினால் மாலைக்குள் அது ஒரு மணி நேரமாகிவிடும். பெரிய நிலையத்தில் மழையோ நெரிசலோ வந்து விமானங்களைக் குறைக்கச் சொன்னால், எழுபது பேர் போகும் விமானத்தைத்தான் முதலில் நிறுத்தி வைப்பார்கள்; முந்நூறு பேர் போவதை அல்ல. ஆகவே நாளின் முதல் விமானம்தான் நம்பகமானது, ஏனென்றால் அந்த விமானம் முந்தின இரவே வந்து நின்றிருக்கும். பனிமூட்டக் காலம் மட்டும் விலக்கு. அப்போது அதிகாலை விமானத்துக்குத்தான் அடி விழும்.

வெயிலும் ஒரு வில்லன். சூடு ஏறினால் காற்றின் அடர்த்தி குறையும். இறக்கையின் தூக்கு விசையும் எஞ்சினின் வலுவும் அதோடு குறையும். ஓடுதளமும் சிறியதாக இருந்தால் எடையைக் குறைத்தே தீர வேண்டும். அப்போது பெரும்பாலும் பைகள்தான் கீழே இறங்கும். நீங்கள் போய்விடுவீர்கள், பை அடுத்த விமானத்தில் வரும். ஒரு நாள் மாற்றுடை, மருந்து, கண்ணாடி, சார்ஜர் எல்லாம் கையில் இருக்க வேண்டும் என்பது இதற்காகத்தான்.

இந்தத் தடங்களில் அதிகம் பார்ப்பது ஏடிஆர் 72, டாஷ் 8 கியூ400 (இரண்டும் இறக்கையில் விசிறி சுழலும் விமானங்கள்), எம்பிரேயர் 175 (ஜெட்). மூன்றிலும் இரண்டு இரண்டாக இருக்கை, நடு இருக்கைத் தொல்லை கிடையாது. ஏடிஆர் மணிக்கு 500 கிலோமீட்டர் அளவில்தான் போகும், 25,000 அடிக்கு மேல் ஏறாது. ஆனால் 300 கிலோமீட்டர் தூரத்துக்கு ஜெட்டோடு ஒப்பிட்டால் பத்துப் பதினைந்து நிமிடம்தான் வித்தியாசம். மெதுவான விமானம் என்று ஒதுக்க வேண்டியதில்லை. சத்தம் வேறு கதை. விசிறி சுழலும் நேர் வரிசைகளில் காதும் உடம்பும் சேர்ந்து அதிரும். ஏடிஆரில் பயணிகள் கதவு பின்பக்கம் இருக்கிறது; காக்பிட்டுக்கும் பயணிகளுக்கும் நடுவில் சரக்கு அறை. பெரிய விமானப் பழக்கத்தில் முன் வரிசைக்குக் கூடுதல் காசு கொடுத்தால் கடைசி ஆளாக இறங்குவீர்கள். இணைப்பு நெருக்கமாக இருந்தால் கடைசி இரண்டு மூன்று வரிசையைக் கேளுங்கள். சத்தமும் அங்கே குறைவு.

தலைக்கு மேலுள்ள அறைகள் சின்னவை. பெரிய விமானத்தில் தாராளமாகப் போகும் சக்கரப் பெட்டி இங்கே நுழையாது. விமானத்தின் அருகிலேயே வாங்கி, ஒரு சீட்டு கட்டி, கீழே ஏற்றுவார்கள். கொடுக்கும் முன் இரண்டு காரியம். முதலாவது, பவர் பேங்கையும் உதிரி லித்தியம் பேட்டரியையும் வெளியே எடுத்துவிட வேண்டும். அவை கேபினில்தான் போகலாம், 100 வாட்-மணி (பேட்டரியின் கொள்ளளவு) வரை அனுமதி கேட்க வேண்டியதில்லை (20,000 எம்ஏஎச் பவர் பேங்க் ஏறத்தாழ 74 வாட்-மணி). இரண்டாவது, பெட்டியை விமானத்தடியிலேயே திருப்பித் தருவார்களா, பெல்ட்டில் வருமா, நேராகக் கடைசி ஊருக்கே போகுமா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். மூன்றும் நடக்கும். கேட்காமல் ஏறியவர்கள் பெரிய நிலையத்தில் விமானம் நிற்கும் தளத்தில் பெட்டிக்காகக் காத்து நின்று கேட்டைத் தவறவிடுவது சகஜம்.

செக்-இன் பைக்கு டேக்தான் சாட்சி. அதில் பெரிதாக அச்சான மூன்றெழுத்து, கடைசி ஊரின் குறியீடாக இருக்க வேண்டும். நடு நிலையத்தின் குறியீடு இருந்தால் பை அங்கேயே இறங்கிவிடும். கவுன்டரை விட்டு நகரும் முன் பார்த்துச் சொன்னால் இரண்டு நிமிடத்தில் திருத்துவார்கள். இரண்டாவது போர்டிங் பாஸையும் அங்கேயே வாங்கிவிடுங்கள். எடை விஷயத்திலும் தனி டிக்கெட் கடிக்கும். நெடுந்தூர விமானம் 23 கிலோவில் இரண்டு பை அனுமதித்தாலும் குட்டி விமானம் தன் 15 கிலோ கணக்கைத்தான் பார்க்கும். மிச்சத்துக்குக் கிலோ கணக்கில் காசு. ஒரே டிக்கெட்டில் பெரும்பாலும் முழுப் பயணத்துக்கும் ஒரே அளவுதான்.

ஒரே டிக்கெட்டிலும் ஒரு கண்ணி உண்டு. நண்பர் காரில் கொண்டுவிடுகிறேன் என்றார் என்று குட்டி விமானத்தை விட்டுவிட்டு நேராகப் பெரிய நிலையத்துக்குப் போனால், முதல் கட்டத்தில் வராததால் மீதி எல்லாக் கட்டங்களும் ரத்தாகிவிடும், திரும்பும் பயணமும் சேர்த்து. சாலை வழி போவதாக இருந்தால் முன்கூட்டியே நிறுவனத்திடம் சொல்லி டிக்கெட்டை மாற்ற வேண்டும். கட்டண வித்தியாசம் வரலாம்.

திரும்பி வரும்போது கணக்கு மாறும். பல நாடுகளில் முதலில் இறங்கும் நிலையத்திலேயே குடியேற்றம், பையை எடுத்தல், சுங்கம் எல்லாம் முடித்து, கடைசி ஊர் வரை டேக் போட்ட பையையும் மறுபடி ஒப்படைத்த பிறகுதான் குட்டி விமானத்துக்குப் போக முடியும். பெல்ட்டில் பை வருவதற்கே முக்கால் மணி நேரம் ஆகலாம். அதனால் அன்றைய கடைசி குட்டி விமானத்தைக் குறிவைக்காமல் அதற்கு முந்தியதில் இடம் போடுங்கள். அதைத் தவறவிட்டாலும் பின்னால் இன்னொன்று இருக்கும்.