"4 இஞ்ச் சேனல்" என்று மட்டும் எழுதிய எஸ்டிமேட்டை நம்பி லாரி பாடிக்கு முன்பணம் கொடுக்காதீர்கள்

நாமக்கல் வட்டாரத்துப் பட்டறை ஒன்றில் 20 அடி பாடி கட்டிய லாரி அது. ஒரு வருடம் ஓடுவதற்குள் கேபினுக்குப் பின்னால் சேசிஸில் விரிசல். உரிமையாளர் கையில் இருந்த எஸ்டிமேட்டில் சப் ஃப்ரேமுக்கு (சேசிஸ் மேல் உட்கார்ந்து பாடியைத் தாங்கும் இரும்புச் சட்டம்) ஒரே வரி: "4 இஞ்ச் சேனல், 380 கிலோ". டேப் வைத்தால் 4 இஞ்ச் சரியாகத்தான் இருக்கிறது. ஏமாற்று கனத்தில்.

இந்தியத் தர அளவில் ஒரே உயரத்துக்கே பல கனத்தில் சேனல் உண்டு. 100 மிமீ உயரத்தில் ஐஎஸ்எம்சி (சுருக்கமாக எம்சி) சேனல் மீட்டருக்குச் சுமார் 9.5 கிலோ, அதைவிட லேசான ஐஎஸ்எல்சி 7.9, மிக லேசான ஐஎஸ்ஜேசி (ஜேசி) 5.8. 20 அடிக்கு நீளவாக்கில் இரண்டு, குறுக்கே பன்னிரண்டு என்று வைத்தால் மொத்தம் ஏறக்குறைய 40 மீட்டர். எம்சி போட்டால் 380 கிலோ, ஜேசி போட்டால் 232. கிலோ 65 ரூபாய் என்று கணக்கிட்டாலே 9,600 ரூபாய்க்கு மேல் உங்கள் பையிலிருந்து போகிறது. பணத்தை விட மோசம், வளைவைத் தாங்கும் பலத்தில் மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிடுகிறது. பில்லில் மட்டும் எம்சி எடை!

பெயிண்ட் அடிக்கும் முன், வெட்டிய முனையில் கனம் அளக்கும் வெர்னியர் வையுங்கள். எம்சி 100-ல் நிமிர்ந்து நிற்கும் நடுத்தகடு சுமார் 5 மிமீ கனம், மேலும் கீழும் நீட்டிக்கொண்டிருக்கும் பிளேஞ்ச் 50 மிமீ அகலம். ரெட் ஆக்சைடு பூசிய சேனலைச் சுரண்டிப் பாருங்கள், அடியில் துருக்குழி இருந்தால் அது பழைய மால். சேசிஸை வெறுமையாக ஒரு முறையும், சப் ஃப்ரேம் மாட்டித் தளத்தகடு போடும் முன் மறுமுறையும் எடைமேடையில் ஏற்றுங்கள். டீசல் அளவு இரண்டு முறையும் ஒன்றாக இருக்கட்டும். 150 கிலோ வித்தியாசம் அங்கே மறையாது.

தகட்டை மடித்துச் செய்யும் ஃப்ரேமில் கிரேடு மாற்றுவார்கள். ஐஎஸ் 2062 என்ற இரும்புத் தரநிலையில் பலம் கூடிய இ350 என்று காசு வாங்கி, பலம் குறைந்த இ250 போடுவது. இதை வெர்னியரும் எடைமேடையும் காட்டாது. ஆலை தரும் மில் டெஸ்ட் சர்டிபிகேட்டில் உள்ள ஹீட் நம்பரும் (அந்த இரும்பை உருக்கிய தொகுதியின் எண்) தகட்டில் இருக்கும் நம்பரும் ஒத்துப்போக வேண்டும். சந்தேகம் வந்தால் வெட்டுத் துண்டு ஒன்றை லேபில் இழுவைச் சோதனைக்குக் கொடுங்கள், பாடியின் விலைக்கு அந்தச் செலவு ஒன்றுமே இல்லை.

நாமக்கல் லாரியில் சேசிஸ் விரிசல் விட்டதற்கு மாட்டிய விதமும் காரணம். சப் ஃப்ரேமின் முன்முனையைச் சரிவாகச் சீவாமல் மொட்டையாக வெட்டியிருந்தார்கள். மெலிந்த சப் ஃப்ரேம் தாங்காத பாரம் முழுவதும் அந்த ஒரே இடத்தில் சேசிஸ் மேல் இறங்கியது. போதாக்குறைக்கு, சப் ஃப்ரேமைச் சேசிஸோடு கட்டும் யு போல்ட் நழுவாமலிருக்க சேசிஸ் பிளேஞ்சிலேயே துண்டு இரும்பை வெல்டிங் அடித்திருந்தார்கள். கம்பெனி சேசிஸ் உயர்பலத் தகடு. பிளேஞ்சில் வெல்டிங் சூடு பட்ட ஓரத்தில்தான் விரிசல் பிறக்கும். நழுவாமலிருக்க பிராக்கெட்டை நடுத்தகட்டில், கம்பெனி கொடுத்த ஓட்டைகளில் போல்ட் போட்டுத்தான் மாட்ட வேண்டும். யு போல்ட் இறுக்கும் இடத்தில் சேசிஸுக்குள் முட்டுக்கட்டை இல்லையென்றால் பிளேஞ்ச் மடங்கும். அது மரமாக இருந்தால் காய்ந்து சுருங்கும், போல்ட் தளரும்.

ஏற்கெனவே பாடி கட்டி ஓட்டிக்கொண்டிருப்பவர்கள் முதல் லோடு இறக்கியதும் யு போல்ட்டை மறுபடி இறுக்குங்கள். கேபினுக்குப் பின்னால் சப் ஃப்ரேம் தொடங்கும் இடத்தையும், பின் அச்சுக்கு நேர் மேலே சேசிஸின் மேல் பிளேஞ்சையும் கழுவிவிட்டு டார்ச் அடித்துப் பாருங்கள். பெயிண்டில் மயிரிழைக் கோடும் அதை ஒட்டித் துருக்கசிவும் தெரிந்தால், அடுத்த லோடு ஏற்ற வேண்டாம்.