பள்ளிக் கலையாசிரியருக்கு எந்த விருது?

ஓவியம், பறை, கூத்து என்று பள்ளிப் பிள்ளைகளுக்குக் கற்றுத் தருபவர்களுக்கு இரண்டு வழி இருக்கிறது.

ஒன்று, மத்திய அரசின் தேசிய நல்லாசிரியர் விருது. செப்டம்பர் 5 அன்று டெல்லியில் வழங்குகிறார்கள்: ரூ.50,000, வெள்ளிப் பதக்கம், சான்றிதழ். 2018 முதல் ஆசிரியரே இணையத்தில் விண்ணப்பிக்கலாம். பெருமைதான், ஆனால் ஒப்பந்த ஆசிரியர்களுக்கு இடமில்லை. இங்கேதான் சிக்கலே. தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் ஓவியம் சொல்லித்தரும் பலர் 2012-இல் மாதம் ரூ.5,000 தொகுப்பூதியத்தில் சேர்ந்த பகுதிநேர ஆசிரியர்கள். வெளியிலிருந்து வந்து பறை பழக்கும் கலைஞரோ ஆசிரியர் கணக்கிலேயே வரமாட்டார்.

மற்றொன்று, தமிழகத்தின் மாவட்டக் கலை மன்ற விருது. வயதைப் பொறுத்து கலை இளமணி, வளர்மணி, சுடர்மணி, நன்மணி, முதுமணி. 19 முதல் 35 வயது வரை வளர்மணி; 66 வயது முதல் முதுமணி. பணம் குறைவு, டெல்லிப் பயணமும் கிடையாது. பணி நிரந்தரமா என்று பார்ப்பதில்லை; பார்ப்பது கலையை. சரி, குறை? வகுப்பறையில் செய்த வேலைக்கு அங்கே தனி மதிப்பெண் இல்லை.

நிரந்தர ஆசிரியர் முதலாவதற்கு முயலட்டும். பகுதிநேரக்காரர்களும் கலைஞர்களும் மண்டலக் கலை பண்பாட்டு மையத்தில் விசாரிப்பதே என் யோசனை.