கொடைக்கானலில் ‘லேக் வியூ’ அறை போடும் முன் இதைப் படித்துவிடுங்கள்

முதல் தடவையாகக் கொடைக்கானல் போகத் திட்டம் போடுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். போன மே மாதம் குடும்பத்தோடு போய் ஏமாந்து வந்தோம். பெரிய மோசடி என்று சொல்லிவிட முடியாது. புகார் கொடுத்தாலும் நிற்காது. ஏனென்றால் எங்களுக்கு அறை கொடுத்த ஆள் சொன்ன ஒவ்வொன்றிலும் பாதி உண்மை இருந்தது.

எங்களுக்கு அருப்புக்கோட்டைப் பக்கம். இவ்வளவு கிட்டத்தில் இருந்துகொண்டு இத்தனை வருடம் போகவில்லையா என்று கேட்காதீர்கள், கடை வைத்திருப்பவர்களுக்குத் தெரியும் அந்தக் கஷ்டம். நான், மனைவி, பிள்ளைகள் இரண்டு பேர், அம்மா. அம்மாவுக்கு அறுபத்தெட்டு வயது, இரண்டு முட்டியிலும் வலி.

இன்ஸ்டாகிராமில் ஒரு படம். மர வீடு, ஜன்னல் விளிம்பில் ஆவி பறக்கும் டீ, வெளியே ஏரி. ‘லேக் வியூ காட்டேஜ், ஒரு நாளைக்கு 4,500.’ டவுனுக்குள் நாலு இடத்தில் விசாரித்தபோது அந்தச் சனி, ஞாயிறுக்கு ஆறாயிரத்துக்குக் கீழே யாரும் இறங்கவில்லை. அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். மாறாக, நாம் விவரமாகத் தேடிப் பிடித்துவிட்டோம் என்று பெருமையாக இருந்தது.

போனில் இரண்டே கேள்விதான் கேட்டேன். ஏரி தெரியுமா? “ஜன்னலைத் திறந்தா தண்ணிதான் சார்.” அம்மாவுக்கு முட்டி வலி, படி ஏற வேண்டியிருக்குமா? “படி ஏறவே வேண்டாம் சார், அம்மாவை தைரியமா கூட்டிட்டு வாங்க.” சீசன் என்பதால் இரண்டு நாள் வாடகையும் முன்பணமாகக் கேட்டார். 9,000 ரூபாயை ஜிபேயில் அனுப்பினேன். கூடவே ஒரு 300, இ-பாஸுக்கு. “சீசன்ல கிடைக்கறது கஷ்டம் சார், நாங்களே போட்டுத் தர்றோம்.”

முதலில் இந்த இ-பாஸ் விஷயத்தை முடித்துவிடுகிறேன். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் வெளியூர் வண்டிகள் இ-பாஸ் எடுக்க வேண்டும். அதற்குக் கட்டணம் எதுவும் கிடையாது. அரசின் இணையதளத்தில் போன் நம்பரும் வண்டி நம்பரும் கொடுத்தால் க்யூஆர் கோடோடு வந்துவிடும். அரசு பஸ்ஸில் போகிறவர்களுக்கு அதுவும் தேவையில்லை. சீசனில் கிடைப்பது கஷ்டம் என்று அவர் சொன்னதிலும் ஒரு பாதி உண்மைதான்: 2025 ஏப்ரலில் கொடைக்கானலுக்கு வாரநாட்களில் 4,000, வார இறுதியில் 6,000 வண்டி என்று வரம்பு வைத்தார்கள். அதனால் முன்கூட்டியே எடுப்பது நல்லது. ஆனால் நீங்களே எடுங்கள்.

எங்களுக்கு வாட்ஸ்அப்பில் வந்தது ஒரு படம், க்யூஆர் கோடு மட்டும் தெரிகிற மாதிரி வெட்டியது. வத்தலக்குண்டு தாண்டி காமக்காபட்டி செக்போஸ்ட்டில் ஸ்கேன் செய்தால் வேறு யாருடைய வண்டி நம்பரோ வருகிறது! ஓரமாக நிறுத்தச் சொன்னார்கள். அங்கேயே போனில் நானே விண்ணப்பித்தேன். அன்றைய எண்ணிக்கை இன்னும் நிறையாததால் தப்பித்தோம். ஐந்து நிமிட வேலை. எங்களுக்கு முன்னால் நின்ற கரூர்க்காரர் கதை இதைவிட மோசம். ஒரு ஹோட்டல் பெயரிலேயே போலிப் பக்கம் வைத்திருந்தவனுக்கு 6,000 அனுப்பியிருக்கிறார். ஹோட்டலுக்குப் போன் போட்டால் அப்படி ஒரு புக்கிங்கே இல்லையாம். அந்த மாதிரி முழுசாகப் போனவர்கள் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு அழைத்துச் சொல்லிவிட வேண்டும்.

சரி, காட்டேஜுக்கு வருவோம். லொகேஷன் அனுப்பச் சொன்னதற்கு, “பெருமாள்மலை வந்துட்டு கூப்பிடுங்க சார்” என்றார். பழனிச் சாலையும் வத்தலக்குண்டுச் சாலையும் சேருகிற இடம் அது. டவுனுக்குப் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் முன்னாலேயே இருக்கிறது. வழியில் இருந்து கூட்டிப்போக வருகிறார் போல என்று நினைத்தேன். அங்கிருந்து டவுன் பக்கம் போகாமல் ஒரு கிளைச் சாலையில் இறங்கச் சொன்னார்கள். கொஞ்ச தூரத்தில் தார் முடிந்து கல்லும் மண்ணுமாக ஒரு பாதை. “இதுக்கு மேல உங்க கார் போகாது சார், ஜீப் வரும். 600 ரூபாய்.” போகவா, வரவா? “போக மட்டும் சார்.”

ஜீப்பை விட்டு இறங்கினால் கண் எதிரே வீடே இல்லை. சரிவில் எட்டிப் பார்த்தால் கீழே தகரக் கூரை தெரிகிறது. மலையூரில் பாதி வீடுகள் இப்படித்தான், ரோட்டுக்குக் கீழே தொங்கிக்கொண்டு இருக்கும். சமவெளிக்காரர்களுக்கு இது தோன்றவே தோன்றாது. படியை என் மகன் எண்ணினான்: நாற்பத்து மூன்று. கைப்பிடி கிடையாது. பராமரிப்புக்கு இருந்த பையனிடம் சத்தம் போட்டேன். அவன் மேனேஜரைப் போனில் பிடித்துக் கொடுத்தான். “சார், ஏற வேண்டாம்னுதானே சொன்னேன். இறங்கத்தானே போறீங்க?”

எனக்குப் பேச்சே வரவில்லை. அம்மா ஒவ்வொரு படியிலும் பக்கவாட்டில் திரும்பி, மனைவியின் தோளைப் பிடித்துக்கொண்டு இறங்கி முடிக்க இருபது நிமிடம் ஆனது. அந்த 43 படியை அம்மா மறுபடி ஏறப்போவது ஊருக்குத் திரும்பும்போதுதான் என்று அப்போதே முடிவாகிவிட்டது.

ஜன்னலைத் திறந்தேன். யூக்கலிப்டஸ் மரங்கள், அப்புறம் பள்ளத்தாக்கு. ஏரி எங்கே தம்பி? பையன் பாவம், சின்ன வயசு. கையை நீட்டி, “மேகம் விலகட்டும் சார்” என்றான். சாயங்காலம் விலகியது. கீழே, வெகு கீழே, சமவெளியில் ஒரு தகட்டுத் துண்டு மாதிரி தண்ணீர் மின்னியது. மஞ்சளாறு அணையோ, ஏதோ ஊர்க் கண்மாயோ. கண்மாய் பார்க்கவா கடையை அடைத்துவிட்டு மலையேறி வந்தோம்? அருப்புக்கோட்டையில் இல்லாத கண்மாயா?

அறையைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. கம்பளி ஈரமாக இருந்தது, சுடுதண்ணீர் காலை ஏழு முதல் எட்டு மணி வரை மட்டும்.

மறுநாள் சுற்றிப் பார்க்க அவர்களே வேன் பேசினார்கள். உங்கள் காருக்கு டவுனில் நிறுத்த இடம் கிடைக்காது என்றார்கள், அது உண்மை. ‘15 இடங்கள், 3,000 ரூபாய்.’ நுழைவுச் சீட்டுக்கு நாமே தனியாகக் கொடுக்க வேண்டும் என்பதை முதல் இடத்தில் இறங்கிய பிறகு சொன்னார்கள். இந்த இட எண்ணிக்கை பெரிய கண்கட்டு வித்தை. மோயர் பாயிண்ட், பைன் காடு, குணா குகை, தூண் பாறை எல்லாம் ஒரே சுற்றில் அடுத்தடுத்து இருப்பவை. பன்னிரண்டு மைல் சுற்று என்பார்கள். தனித்தனியாகச் சொன்னால் மலை முழுக்கச் சுற்றிக் காட்டுவது போலக் கேட்கும். மிச்சத்துக்கு, வேன் ஓடிக்கொண்டிருக்கும்போதே “அதுதான் சார் கோல்ஃப் மைதானம்” என்று கை காட்டியது ஒரு இடம். சாக்லேட் கடை ஒரு இடம். தைலக் கடை ஒரு இடம். உச்சக்கட்டமாக, பட்டியலில் ‘கிரீன் வேலி வியூ’ என்று ஒன்றும் ‘சூசைட் பாயிண்ட்’ என்று ஒன்றும் இருந்தன. இரண்டும் ஒரே இடம், பழைய பெயரும் புதுப் பெயரும்!

வேன் வந்ததே பதினொரு மணிக்கு. தூண் பாறைக்குப் போய்ச் சேரும்போது மதியம் ஒன்றரை. 122 மீட்டர் உயரத்துக்கு மூன்று பாறைகள் தூண் மாதிரி நிற்குமாம். நாங்கள் பார்த்தது வெள்ளைச் சுவர். அரை மணி நேரம் கம்பியைப் பிடித்துக்கொண்டு பனியைப் பார்த்துவிட்டுத் திரும்பினோம். பக்கத்தில் மக்காச்சோளம் சுட்டுக்கொண்டிருந்த அக்கா சொன்னார்: “காலையில வந்திருக்கணும் தம்பி. மத்தியானம் ஆனா இறங்கிடும்.” பதினைந்து இடங்கள் என்று பேசிய ஆள் இந்த ஒரு வரியைச் சொல்லியிருந்தால் போதும், பத்து இடங்களை விட்டுக்கொடுத்திருப்பேன். ஏரியை அப்பர் லேக் வியூ என்ற திருப்பத்தில் நின்று ஒருவழியாகப் பார்த்தோம், மேலிருந்து பார்க்க நட்சத்திரம் மாதிரி விரிந்து கிடந்தது. 1863-ல் மதுரை கலெக்டராக இருந்த லெவிஞ் உண்டாக்கிய ஏரி இது.

டிரைவர் கூட்டிப்போன கடையில் மலைப்பூண்டு என்று அரைக் கிலோ வாங்கினோம். கொடைக்கானல் மலைப்பூண்டு 2019-ல் புவிசார் குறியீடு வாங்கிய சரக்கு. அறைக்கு வந்து காட்டியதும் அம்மா, இந்த விவரமெல்லாம் தெரியாமலேயே, ஒரு பல்லை நசுக்கி மோந்து பார்த்துவிட்டு, “நம்மூர் சந்தையில கிடக்கிறதுதான்டா இது” என்று சொல்லிவிட்டார். படி ஏற முடியாத கோபத்தில் அறையிலேயே உட்கார்ந்திருந்தவர் அன்று முழுக்கப் பேசியது அது ஒன்றுதான்.

அன்று சாயங்காலமே பெட்டியைக் கட்டிவிட்டோம். இரண்டாவது இரவுக்குக் கொடுத்த 4,500 திரும்ப வரவில்லை. ஞாயிறு இரவு கூட்டமெல்லாம் மலையிறங்கிவிடும் என்பதால் டவுனில் பஸ் நிலையத்துக்குப் பக்கத்திலேயே 2,200 ரூபாய்க்கு அறை கிடைத்தது. தரைத்தளம், ஆறிப்போகாத வெந்நீர். திங்கள் காலை அம்மாவைக் கோக்கர்ஸ் வாக்குக்குக் கூட்டிப்போனோம். 1872-ல் மலைச்சரிவை ஒட்டிப் போட்ட நடைபாதை, ஒரு கிலோமீட்டர் இருக்கும். பனி இன்னும் ஏறி வராத நேரம். கீழே சமவெளி முழுக்கத் தெரிந்தது. அம்மா ஒரு பெஞ்சில் உட்கார்ந்து, எந்தப் பக்கம் நம்ம ஊர் என்று மூன்று தடவை கேட்டார். கொடைக்கானல் மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை. இரண்டு நாள் வேண்டியதில்லை, அந்த ஒரு மணி நேரமே போதும்போல இருந்தது.

போகிறவர்கள் பணம் அனுப்பும் முன் லொகேஷன் பின்னைக் கேட்டு வாங்குங்கள், தர மறுத்தால் அத்தோடு விட்டுவிடுங்கள். வீடியோ காலில் அந்த ஜன்னலைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். கார் வாசல் வரை வருமா, ரோட்டிலிருந்து எத்தனை படி மேலேயோ கீழேயோ என்று இரண்டையும் சேர்த்துக் கேளுங்கள். முழுப் பணமும் முன்னால் கொடுக்காதீர்கள். முடிந்தால் ஞாயிறு மதியம் போய்ச் சேருங்கள். பார்வை முனைகளைக் காலையிலேயே முடித்துவிட்டு, ஏரியையும் பிரையன்ட் பூங்காவையும் மதியத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

போன வாரம் அதே நம்பரிலிருந்து ஒரு மெசேஜ், விடுமுறைச் சலுகையாம். அதே படம், அதே டீ, அதே ஏரி. யாரோ புது ஆள் மாதிரி கேட்டேன்: ஏரியிலிருந்து எவ்வளவு தூரம்?

உடனே பதில் வந்தது. “பக்கம்தான் சார். இறங்கினா தண்ணி.”